பூனைக்கு நகம் எடுக்கலாமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

#1 கொடிமுல்லை (டாலஸ்)

எல்லோருக்கும் வணக்கம். சமையல் பகுதியில் மட்டுமே எழுதிக்கொண்டிருந்த நான் இங்கே வந்திருப்பது ஒரு குழப்பத்தோடு.

எங்கள் வீட்டில் மிளகு என்று ஒரு பூனைக்குட்டி இருக்கிறது. பெண், கறுப்பு, ஏழு மாதம். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். போன ஞாயிறு தொட்டியில் பூத்த மல்லிகையைப் பறித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பூக் கட்டினார்கள். நூல் ஆடுவதைப் பார்த்த மிளகு சோபாவிலிருந்து ஒரே பாய்ச்சல். அம்மாவின் மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் மூன்று கோடு. நமக்கென்றால் இரண்டு நிமிடத்தில் நிற்கும். அம்மாவுக்கு இருபத்தைந்து நிமிடம் துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். மடியில் இருந்த பூவெல்லாம் சிவப்பு.

மிளகுக்குக் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போன இடத்தில், "டிக்ளாவும் சேர்த்தே செய்துவிடலாம், மயக்க மருந்து ஒரு தடவையோடு போகும், கட்டணத்திலும் குறைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். டிக்ளா என்றால் நகம் எடுப்பதாம். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம். என் கணவர் உடனே டிக் போடச் சொன்னார். லேசர்தானாம், வலிக்காதாம். நான்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழன் ஆபரேஷன்.

சோபாவுக்காக என்றால் கேட்டிருக்கவே மாட்டேன். அம்மாவுக்காக என்பதால் கேட்கிறேன். செய்யலாமா?

#2 பொதிகைச்சாரல் (சென்னை)

நகத்தைத்தானே எடுக்கப் போகிறார்கள்? என் தம்பிக்குக் கால் கட்டைவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்து வேரோடு எடுத்தார்கள், பத்து நாளில் சரியாகிவிட்டது. அம்மா உயிரை விடப் பெரிதா? செய்துவிடுங்கள்.

#3 வேப்பேரிக்காரன் (ஓஹையோ)

பொதிகைச்சாரல், உங்கள் மேல் தவறில்லை. பெயர் அப்படி. "நகம் எடுப்பது" என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் கால்நடை மருத்துவன். பொறுமையாகச் சொல்கிறேன், கொடிமுல்லை தங்கை முழுக்கப் படிக்க வேண்டும்.

நம் நகம் சதையின் மேல் படிந்திருப்பது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைப்பது. நகத்தை மட்டும் பிடுங்கினால் மறுபடி வந்துவிடும். அதனால் அந்த எலும்பையே மூட்டோடு பிரித்து எடுக்கிறார்கள். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் கடைசி ரேகைக்கு மேலே இருப்பதெல்லாம் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டிக்ளா. பூனைக்கு முன்னங்காலில் ஐந்தைந்து விரல். ஆக பத்து விரல்நுனி. சிலர் பின்னங்காலையும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள், அப்போது 18.

நாம் பாதம் முழுக்க ஊன்றி நடக்கிறோம். பூனை விரலில் நடக்கிற பிராணி. அதன் எடையை எது தாங்குகிறதோ அதன் முனையைத்தான் வெட்டுகிறோம்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். அங்கே படித்த காலத்தில் ஒரு பூனைக்கும் இதைச் செய்து பார்த்ததில்லை. இங்கே வந்து லைசென்ஸ் வாங்கி, முதலில் சேர்ந்த ஒரு கிளினிக்கில் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். கருத்தடையோடு சேர்த்துத்தான், உங்களுக்குச் சொன்ன அதே மாதிரி. ரத்தம் வராமலிருக்க முன்னங்காலை ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டுவோம். விரலை அமுக்கி நகத்தை வெளியே தள்ளி, கத்தரியை மூட்டில் பொருத்தி அழுத்தினால் "கடக்" என்று ஒரு சத்தம். பத்து தடவை. பிறகு பசை வைத்து ஒட்டி, கட்டுப் போட்டு, கூண்டில் படுக்க வைத்துவிடுவோம். ட்ரேயில் கொண்டைக்கடலை அளவில் பத்துத் துண்டு கிடக்கும்.

ஒரு நாள் காலையில் கட்டுப் பிரித்துவிட்டுத் திரும்பினேன். சாம்பல் நிறக் குட்டி ஒன்று கூண்டு மூலையில் நின்று முன்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது, சுடுமணலில் நிற்கிற மாதிரி. சத்தமே போடவில்லை. அந்தக் குட்டியைப் பார்த்த பிறகும் இரண்டு வருடம் நான் இதைச் செய்தேன். அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2014இல் நிறுத்தினேன்.

லேசர் என்பது கத்திக்குப் பதிலாக வரும் கருவி. ரத்தம் குறைவாக வரும். வெட்டுகிற இடம் அதே மூட்டுத்தான். "எலும்பைத் தொடுவதில்லை, தசைநாரை மட்டும் வெட்டிவிடுகிறோம், நகம் வெளியே வராது" என்று இன்னொரு முறையும் சொல்வார்கள். அதற்கும் தலையாட்டாதீர்கள். தசைநார் போன பூனை நகத்தைத் தானே தேய்த்துக்கொள்ள முடியாது. நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும். ஆயுள் முழுக்க நீங்கள்தான் வெட்டிவிட வேண்டும். எப்படியும் வெட்டத்தான் போகிறோம் என்றால், அந்த ஆபரேஷன் எதற்கு?

#4 எடிசன்மாமா (நியூ ஜெர்சி)

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் பதிவாக வேண்டும். 2003இல் நாங்கள் ஒரு பூனை வளர்த்தோம். பையனுக்கு அப்போது ஒரு வயது, முகத்தில் கீறிவிட்டது, கண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே. டாக்டர்தான் டிக்ளா செய்யச் சொன்னார், செய்தோம். ஒரு வாரம் நொண்டியது, பிறகு ஓடியாடித் திரிந்தது. பதினாறு வருடம் எங்களோடு வாழ்ந்து, என் மனைவி மடியில்தான் உயிரை விட்டது. சிறுநீர் கழிக்க வைத்த மணல்தட்டுக்கு வெளியே ஒரு நாள் போனதில்லை. ஒருவரையும் கடித்ததில்லை.

எல்லாப் பூனையும் ஊனமாகிவிடும் என்று பயமுறுத்துவது சரியில்லை. அம்மாவா பூனையா என்று வந்தால் எனக்கு அம்மாதான்.

#5 கருவேலங்காடு (சிகாகோ)

மாமா, உங்கள் பூனை நன்றாக வாழ்ந்ததில் உண்மையாகவே சந்தோஷம். எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படி வாழவில்லை.

2019இல் காப்பகத்திலிருந்து ஒரு கிழப்பூனையை எடுத்து வந்தோம். பதினோரு வயது, யாரோ முன்னமே டிக்ளா செய்து வளர்த்து, பிறகு "வீட்டில் சிறுநீர் கழிக்கிறது" என்று எழுதிக் கொடுத்து விட்டுப் போன பூனை. சந்தனம் என்று பெயர் வைத்தோம். மணல்தட்டுக்கு வரும், ஒரு காலை உள்ளே வைக்கும், உடனே இழுத்துக்கொள்ளும், உதறும். பிறகு துவைத்து மடித்து வைத்த துணி மேல் போய் உட்காரும். எனக்கு முதல் மாதம் கோபமாக வந்தது. வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் துணியில் சிறுநீர் கழித்துவிட்டு என்னைப் பார்த்தது. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கியது இன்றும் உறுத்துகிறது.

பூனைகளை மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். திரையில் விரல் விரலாகக் காட்டினார். மூன்று விரல்களில் எலும்புச் சில்லு அப்படியே விட்டுப்போயிருந்தது. அதன் மேல் தோல் மூடியிருக்கிறது. செருப்புக்குள் கல்லோடு பத்து வருடம் நடந்திருக்கிறது. மணல் குத்துகிறது, துணி குத்தவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிடிவாதமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

சில்லுகளை எடுத்தார்கள், வலிக்கு மருந்து கொடுத்தார்கள், மணலுக்குப் பதில் காகித உருண்டை போட்டோம். துணி மேல் போவது ஏறக்குறைய நின்றது. நடை மட்டும் மாறவில்லை. கடைசி வரைக்கும் முன்காலில் எடை போடாமல் பின்னுக்குச் சாய்ந்துதான் நடந்தது. இரண்டரை வருடம் இருந்தது.

சந்தனத்தை எழுதிக் கொடுத்த வீட்டாரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள்.

#6 வேப்பேரிக்காரன் (ஓஹையோ)

கருவேலங்காடு சொன்னது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பூனை மருத்துவத்துக்கென்றே உள்ள ஒரு ஆய்விதழில் 2018இல் வந்த ஆய்வு இருக்கிறது. 274 பூனைகள், பாதி டிக்ளா செய்தவை, பாதி செய்யாதவை. டிக்ளா செய்தவற்றில் 63 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் எலும்புத் துண்டு மிச்சம் தெரிந்தது. மணல்தட்டுக்கு வெளியே போவதற்கான வாய்ப்பு ஏழு மடங்கு, கடிப்பதற்கான வாய்ப்பு நாலரை மடங்கு, முதுகுவலி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. துண்டு மிச்சமில்லாமல் சுத்தமாகச் செய்த பூனைகளுக்கும் பிரச்சினை கூடுதல்தான்.

எடிசன்மாமாவின் பூனை பிரச்சினை வராமல் தப்பித்த கூட்டத்தில் ஒன்றாக இருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் பூனை வலியை வெளியே காட்டாத பிராணி. நாய் நொண்டும், முனகும். பூனைக்கு மூட்டு வலித்தால் முன்பு ஏறிய ஜன்னலில் ஏறாது, அதிகம் தூங்கும். நாம் "வயசாயிடுச்சு, அடங்கிடுச்சு" என்போம்.

இன்னொன்று, இது முக்கியம். அம்மாவின் பாதுகாப்புக்காக என்றால் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. நகம் போன பூனைக்கு மிஞ்சுகிற ஆயுதம் பல். கீறல் மேலோட்டமாகப் போகும். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி, ஆழத்தில் கிருமியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மேலே துளை மூடிக்கொள்ளும். கையில் பூனை கடித்தால் சீழ் பிடிப்பது சாதாரணம். மாற்று வால்வு இருப்பவருக்குக் கிருமி ரத்தத்தில் கலப்பது எவ்வளவு ஆபத்து என்று இதய டாக்டரைக் கேளுங்கள். அத்தோடு முன்னங்கால் நகத்தைத்தான் எடுப்பார்கள், மடியிலிருந்து உதைத்துத் தாவுவது பின்னங்கால். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டுதல்களே டிக்ளா செய்யச் சொல்வதில்லை. நகத்தை வெட்டி வை, தெள்ளுப்பூச்சியை ஒழி, முரட்டு விளையாட்டு வேண்டாம், கீறினால் உடனே சோப்பு போட்டுக் கழுவு. இவ்வளவுதான்.

#7 ஆழ்வார்தோப்பு (திருச்சி)

ஒரு கேள்வி. சண்டைக்காக அல்ல. நகம் எடுப்பது கொடுமை என்கிறீர்கள். கர்ப்பப்பையை எடுப்பது மட்டும் என்ன? மிளகு கேட்டதா? குட்டி போடுவது பூனையின் இயல்பில்லையா? கீறுவது இயல்பு என்பதால் நகத்தைத் தொடக்கூடாது என்றால், அதே நியாயம் அங்கேயும் வர வேண்டும். அதற்கும் மேலே, வீட்டுக்குள் பூட்டி வைத்து வளர்ப்பதே முதல் தப்பு. எங்கள் தெருவில் பூனை வரும், பால் குடிக்கும், போகும். யார் சோபாவையும் யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை.

#8 கருவேலங்காடு (சிகாகோ)

நல்ல கேள்வி. இதை நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

உடலை அறுக்கும்போது லாபம் யாருக்கு என்று பார்க்கிறேன். கருத்தடை செய்யாத பெண் பூனைக்குக் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும், மடிக்கட்டி வரும். சின்ன வயதில் செய்துவிட்டால் இரண்டும் பெரும்பாலும் தவிர்ந்துவிடும். பிறந்து தெருவில் சாகிற குட்டிகளும் குறையும். அந்தப் பூனையும் அதன் இனமும் ஏதோ ஒன்றைப் பெறுகின்றன. டிக்ளாவில் பூனைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. லாபம் முழுக்க மெத்தைக்கும் தோல் சோபாவுக்கும்.

மீட்சி என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. கருத்தடை செய்த பூனை பத்து நாளில் பழையபடி குதிக்கும். அது ஒவ்வொரு நாளும் செய்கிற காரியம் எதுவும் கெடுவதில்லை. கீறுவது அப்படியில்லை, தினம் காலையில் எழுந்ததும் செய்வது. எதிலாவது நகத்தை மாட்டிக்கொண்டு முதுகை வளைத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அதற்குச் சோம்பல் முறிப்பு. நகத்தின் பழைய உறை உதிர்வதும் அதில்தான். விரல்களுக்கு இடையில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, "இது என் இடம்" என்று எழுதி வைப்பதும் அதில்தான். மூன்றையும் ஒரே வெட்டில் எடுத்துவிடுகிறோம்.

வீட்டுக்குள் வளர்ப்பது பற்றி: இங்கே வெளியே விட்டால் காரும், நரி மாதிரி இருக்கும் கயோட்டியும். அதனால் அடைத்து வைக்கிறோம். ஏற்கெனவே மரத்தையும் மதிலையும் அதனிடமிருந்து பறித்திருக்கிறோம். அதற்கு மேல் விரலையும் கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

#9 ஆழ்வார்தோப்பு (திருச்சி)

லாபம் யாருக்கு என்பது சரியான அளவுகோல். ஒத்துக்கொள்கிறேன். அடைத்து வைப்பது பற்றி என் எண்ணம் மாறவில்லை.

#10 நெடுந்தீவான் (ஹாலிஃபாக்ஸ், கனடா)

தங்கச்சி, இஞ்ச நோவா ஸ்கோஷியாவில இந்தக் கதைக்கே இடமில்லை. 2017 டிசம்பரில மாகாணத்து மிருகவைத்தியர் சங்கமே கூடி, இனி ஒருத்தரும் செய்யக்கூடாது எண்டு முடிவெடுத்தவை. கனடாவில முதல் மாகாணம் நாங்கள்தான். அடுத்த வருசம் பிரிட்டிஷ் கொலம்பியா, 2024இல கியூபெக். கியூபெக்கில அரசாங்கம் போட்ட விதி, ஆனா எங்கட மாகாணத்தில அரசாங்கம் சட்டம் போட்டு வைத்தியரை மடக்கேல்லை, வைத்தியரே தங்கட கையைத் தாங்களே கட்டினவை. அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

தடை வந்தா சனம் பூனையளைக் கொண்டுபோய்க் காப்பகத்தில தள்ளிப்போடும், ஊசி போட்டுக் கொல்ல வேண்டிவரும் எண்டு அப்ப கனபேர் பயமுறுத்தினவை. பிரிட்டிஷ் கொலம்பியாவில தடைக்கு முந்தின மூண்டு வருசத்தையும் பிந்தின மூண்டு வருசத்தையும் வைச்சுப் பாத்தவை. அப்பிடி ஒண்டும் கூடேல்லை.

ஐரோப்பாவில 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலயே நகம் எடுக்கிறது, பல்லுப் பிடுங்கிறது, வாலை வெட்டுறது, குரல்நாணை அறுக்கிறது எல்லாத்தையும் ஒரே வரிசையில வைச்சுத் தடுத்திருக்கினம். நகத்தில கட்டி, புண் எண்டா வைத்தியர் எடுக்கலாம். அது வேற.

உங்கட டெக்சாஸில மாநிலம் முழுக்கத் தடை இல்லை, ஆஸ்டின் நகரத்தில மட்டும் 2021இல போட்டது. அமெரிக்காவில முதல் தடை 2003இல கலிபோர்னியாவில இருக்கிற வெஸ்ட் ஹாலிவுட் நகரத்தில வந்தது. அந்த மாநிலத்து மிருகவைத்தியர் சங்கமே நகரத்துக்கு எதிரா வழக்குப் போட்டது, 2007இல மேல்முறையீட்டில நகரம் வெண்டது. முதல் மாநிலம் நியூயோர்க், 2019. மீறினா ஆயிரம் டொலர் வரை தண்டம். பிறகு மேரிலாண்ட், வர்ஜீனியா, மாசச்சூசெட்ஸ் எண்டு வந்துகொண்டிருக்கு.

#11 கூடல்நகர் (மதுரை)

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

#12 நெறியாளர்

எடிசன்மாமாவைக் கொலைகாரர் என்று எழுதிய பதிவை நீக்கியிருக்கிறேன். டாக்டர் சொன்னதைக் கேட்டு இருபது வருடத்துக்கு முன் ஒருவர் செய்ததை இங்கே வந்து நேர்மையாகச் சொல்கிறார். இப்படி வசை பாடினால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

#13 எடிசன்மாமா (நியூ ஜெர்சி)

நெறியாளருக்கு நன்றி.

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் காலத்தில் எங்களிடம் எலும்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டால், கைக்குழந்தை முகத்தில் ரத்தத்தைப் பார்த்த அன்றைக்குச் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்ல வரவில்லை.

ஆனால் டாக்டர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் பூனை ஆறு ஏழு வயதிலேயே சமையலறை மேடைக்குத் தாவுவதை விட்டுவிட்டது. நாங்கள் நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

கொடிமுல்லை, நான் முன்பு எழுதியதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#14 கொடிமுல்லை (டாலஸ்)

மாமா, நீங்கள் எழுதியதும் எனக்கு வேண்டியிருந்தது. மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

டாக்டர் அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி ரேகைக்கு மேலே என்று வந்ததும் தன் கையை விரித்துப் பார்த்தார்கள். "ஏட்டி, விரலையா வெட்டுவாங்க? நகம்னுல்லா சொன்ன?" என்று கேட்டார்கள். பிறகு, "நான் மார்ச்சுல ஊருக்குப் போயிருவேன். அது எங்க போகும்?" அவ்வளவுதான் சொன்னார்கள். என் கணவருக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ஆக டிக்ளா இல்லை. ஆனால் அம்மாவின் கையை நான் காப்பாற்றியாக வேண்டும். மார்ச் வரை நான்கு மாதம் இருக்கிறது. என்னென்ன செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நகம் வெட்ட ஒரு முறை முயன்றேன், பிடித்த பிடியில் திமிறி ஓடிவிட்டாள்.

#15 வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

அம்மாடி, எங்க வீட்டில ஒன்பது பூனை. ஐம்பது வருஷமா பூனையோடதான் இருக்கேன். அதுங்க நகத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன். பூனைக்குச் சோபா மேல ஆசை கிடையாது. நின்னு நல்லா இழுத்துப் பிடிக்கிற மாதிரி, ஆடாம, சொரசொரன்னு எது இருக்கோ அதுலதான் போடும். எங்க வீட்டுல கொல்லைத் தூணுல தேங்கா நார்க் கயிறைச் சுத்தி வச்சிருக்கேன், நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காதுங்க. கயிறு இல்லேன்னா சாக்கு. உங்க ஊர்ல பாஸ்மதி அரிசி சணல் பையிலதானே வருது? அதைப் பிரிச்சு ஒரு கட்டையில இறுக்கி ஆணி அடி. அது பின்னங்காலில் நிமிர்ந்து நின்னு கையை முழுக்க நீட்டுற உசரம் இருக்கணும், மூணடியாவது. ஆடக்கூடாது. ஒரு தடவை சாஞ்சு அது மேல விழுந்துச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வராது. அது தூங்கி எழுந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துலேயே வை, மூலையில கொண்டு போய் ஒளிக்காதே.

நம்மூர்ல இருந்தா குப்பைமேனி வேரைக் கசக்கித் தடவச் சொல்வேன். அதுக்குப் பூனைவணங்கின்னே ஒரு பேரு, வேர் வாசனைக்கு உருண்டு புரளும். அங்க அதுக்கு ஏதோ தூள் விப்பாங்களாம், பேத்தி சொன்னா.

#16 வேப்பேரிக்காரன் (ஓஹையோ)

பாட்டி சொன்னது அத்தனையும் சரி. பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதுதான். அந்தத் தூள் கேட்னிப். கட்டையில் கொஞ்சம் தேய்த்து விடுங்கள். சோபா மூலையில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒரு மாதம் ஒட்டி வையுங்கள், பிசுபிசுப்பு அதற்குப் பிடிக்காது.

நகம் வெட்டுவதை ஒரே நாளில் பத்தும் முடிக்க நினைக்காதீர்கள். முதல் வாரம் வெட்டவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது பாதத்தைப் பிடித்து, லேசாக அமுக்கி நகம் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, விட்டுவிடுங்கள். ஒரு துளி டூனா கொடுங்கள். அடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம். வெளிச்சத்தில் பார்த்தால் நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும், அங்கே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கிறது. மிளகு கறுப்பு என்றாலும் நகம் பெரும்பாலும் வெளுப்பாகத்தான் இருக்கும். கொக்கி மாதிரி வளைந்த கண்ணாடி முனையை மட்டும் வெட்ட வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோளமாவில் அமுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அவசரமென்றால் நகத்தின் மேல் ஒட்டுகிற மென்மையான உறை விற்கிறார்கள், நான்கைந்து வாரம் நிற்கும்.

இன்னொன்று, பூ. அன்றைக்கு மிளகு அம்மாவைத் தாக்கவில்லை, நூலைப் பிடிக்கப் பாய்ந்தது. ஏழு மாதக் குட்டிக்கு ஆடுகிற நூல் எலிவால். அம்மா பூக் கட்ட உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகை ஆட்டி ஓடவிடுங்கள். கடைசியில் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். சாப்பிட்டதும் தூங்கிவிடும். அதற்குப் பிறகு அம்மா மேஜையில் உட்கார்ந்து கட்டட்டும். மிச்ச நூலைத் தரையில் போட வேண்டாம். பூனை நூலை விழுங்கினால் குடல் சுருங்கி அறுபடும், உயிர் போகிற விஷயம். கீறலை விட எனக்கு அந்த நூல்தான் பயம்.

#17 பொதிகைச்சாரல் (சென்னை)

முதல் ஆளாக வந்து செய்துவிடுங்கள் என்று எழுதியவன் நான். ஆபரேஷன் அன்று படிவத்தை ஒரு தடவை நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வேறு யாராவது டிக் போட்டு வைத்திருக்கப் போகிறார்கள்.

#18 கொடிமுல்லை (டாலஸ்)

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

பொதிகைச்சாரல், நல்ல வேளை சொன்னீர்கள். பேசி வைத்திருந்ததால் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது. அடித்துவிட்டு, பக்கத்தில் வேண்டாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் எதற்கு வேண்டாம் என்பதையும் சொன்னேன். எலும்பு என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கவில்லை. கருத்தடை மட்டும் நடந்தது, அடுத்த நாளே ஜன்னலில் ஏறிவிட்டாள், இறக்கி வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

இருபது பவுண்டு அரிசிப் பையைப் பிரித்து, நாலடிக் கட்டையில் அடித்து, அடியில் அகலமான பலகை வைத்துக் கொடுத்தது என் கணவர்தான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மிளகு அதில்தான் நிற்கிறாள். மூன்று வாரத்தில் கீழ்ப்பாதி நார் நாராகத் தொங்குகிறது. சோபா பக்கம் இரண்டு தடவை போனாள், டேப்பில் கால் பட்டதும் உதறிக்கொண்டு வந்துவிட்டாள்.

நகம் இப்போது ஒரே உட்காரலில் ஐந்து வெட்டவிடுகிறாள். அம்மாவே அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார, நான் வெட்டுகிறேன். அம்மா கையில் அந்த மூன்று கோடும் வெளுத்துவிட்டது, புதிதாக ஒன்றும் விழவில்லை. பூ மேஜையில்தான் கட்டுகிறார்கள். நூல்கண்டு டப்பாவுக்குள்.

டாக்டர் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். பின்னங்கால் நகமும் வெட்ட வேண்டுமா?

#19 வேப்பேரிக்காரன் (ஓஹையோ)

பின்னங்கால் நகம் அவ்வளவு வேகமாகக் கூர்மையாகாது, நடக்கும்போதே கொஞ்சம் தேயும், அதுவே பல்லால் கடித்தும் இழுத்துக்கொள்ளும். சாதாரணமாக மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அம்மா மடியில் ஏறுகிறாள் என்றால் முன்னங்கால் வெட்டும்போதே அதையும் வெட்டிவிடுங்கள். பின்னங்காலில் நாலு விரல்தான், ஐந்தாவதைத் தேட வேண்டாம்.